43 ஆட்டங்களில் 49 கோல்: ஸ்வென் ரீடெல் கணக்கை நம்பலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: 2014-ல் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் ஸ்வீடனுக்காக அதிக கோல் அடித்தவர் ஆனார், அதுவரை அந்த இடத்தில் இருந்தவர் ஸ்வென் ரீடெல், 43 ஆட்டங்களில் 49 கோல் என்று படித்தேன், இது நிஜமா, நிஜமென்றால் இப்படி ஒரு ஆளை ஏன் உலகக் கோப்பையில் பார்க்க முடியவில்லை, ஏன் யாரும் பேசுவதில்லை. இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. எண்ணை நம்பலாமா என்பது ஒன்று. எண் சரியாகவே இருந்தாலும் அந்தக் காலத்து கோலுக்கு இன்றைய கோலின் மதிப்பு உண்டா என்பது இன்னொன்று. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கேள்வியின் கடைசியில் "அப்போ டிஃபென்ஸே கிடையாதோ" என்று சேர்த்திருக்கிறீர்கள். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே பழைய சர்வதேச ஆட்டங்களின் ஸ்கோர் விவரங்களை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுச் சேர்த்து வைப்பது என் பழக்கம், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. ரீடெல் 1905 ஜனவரி 14-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பிறந்தவர், 1975 ஏப்ரலில் இறந்தார். ஆட்ட வாழ்க்கையின் முக்கியமான பகுதி ஓர்கிரீட்டே என்ற கோதன்பர்க் கிளப்பில். அதே ஊரின் ரெட்பெரிஸ்லிட் கிளப்புக்கும் ஆடியிருக்கிறார். ஸ்வீடன் தேசிய அணியில் 1923 முதல் 1932 வரை. பதினெட்டு வயதில் உள்ளே வந்து இருபத்தேழு வயதில் முடித்துவிட்டார். அந்த 43, 49 என்ற இரண்டு எண்களும் இந்தப் பத்து ஆண்டுகளுக்கானவை. 1932-ல் நின்றுபோன அந்த 49-ஐ ஸ்லாட்டன் தாண்டியது 2014 செப்டம்பர் 4 அன்று, எஸ்டோனியாவுக்கு எதிராக. அன்றைக்கு அவர் அடித்த இரண்டு கோல்களில் இரண்டாவது அவருடைய 50-வது. நடுவில் 82 ஆண்டுகள்.

எண்ணை நம்பலாமா என்றால், தாராளமாக நம்பலாம். பழைய ஆட்டங்களின் கணக்கில் சந்தேகம் வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, அந்த ஆட்டம் அதிகாரபூர்வமான சர்வதேச ஆட்டம்தானா என்பது. இதற்கு ஸ்வீடன் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் 1-12 என்று தோற்றது. ஸ்வீடன்காரர்களின் பட்டியலில் அது இன்றைக்கும் அவர்களுடைய மிகப் பெரிய தோல்வி. ஆனால் எதிரே ஆடியது இங்கிலாந்தின் அமெச்சூர் அணி என்பதால், இங்கிலாந்தின் முதல்நிலை அணியின் கணக்கில் அந்த ஆட்டமே கிடையாது. ஒரு பக்கம் சரித்திரத்தில் பதிந்த தோல்வி, மறு பக்கம் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது இடம், கோலை யார் பெயரில் எழுதுவது என்பது. தடுப்பாட்டக்காரர் காலில் பட்டு உள்ளே போன பந்தை ஒரு பத்திரிகை அடித்தவர் பெயரிலும் இன்னொரு பத்திரிகை சொந்த கோலாகவும் எழுதியிருக்கும். அந்தக் காலத்தின் எந்த வீரரை எடுத்தாலும் ஒன்றிரண்டு கோலுக்கு இப்படி விவாதம் வரலாம். ஆனால் 1920-களில் ஸ்வீடன் தேசிய அணி ஆடியது வருடத்துக்குச் சில ஆட்டங்கள்தான், எல்லாமே நாட்டுக்கு நாடு நடந்தவை, ஸ்வீடன் கால்பந்து சங்கம் தன் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தது, ஸ்லாட்டன் ஒவ்வொரு கோலாக நெருங்கிக்கொண்டிருந்தபோது அந்த நாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் இலக்காக எழுதியதும் இதே 49-ஐத்தான். அதனால் இந்த எண்ணில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இனி உங்கள் நிஜமான கேள்வி. அந்தக் காலத்தில் கோல் அடிப்பது சுலபமா? ஓரளவுக்கு ஆமாம், ஆனால் பலரும் நினைக்கிற காரணத்தால் அல்ல. ஆஃப்சைடு விதி மாறியதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். 1925 வரை, சக வீரர் பந்தை அனுப்பும் நேரத்தில் முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும், 1925-ல் அது இரண்டு பேர் என்று ஆனது. இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கிலாந்து முதல் டிவிஷனைப் பாருங்கள். 1924-25 பருவத்தில் மொத்தம் 1192 கோல்கள், விதி மாறிய அடுத்த பருவத்தில் அதே எண்ணிக்கை ஆட்டங்களில் 1703. தடுப்பாட்டக்காரர்கள் புது விதிக்குப் பழக நாளாயிற்று, அந்த இடைவெளியில் முன்கள வீரர்களுக்குக் கொண்டாட்டம். ஆக, ரீடெலின் பத்து ஆண்டுகளில் ஏழு இந்த மாற்றத்துக்குப் பிறகானவை, அதனால் அவருக்குச் சாதகம் என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் ஸ்வீடனில் இதோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆல்ஸ்வென்ஸ்கான் என்ற அந்த நாட்டு லீகின் முதல் பருவம் 1924-25, அதாவது பழைய ஆஃப்சைடு விதியோடு ஆடிய பருவம், அதில் ஐ.எஃப்.கே. கோதன்பர்க் அணியின் ஃபிலிப் யோஹான்சன் 39 கோல் அடித்தார். 22 சுற்றுகள் கொண்ட லீக் அது. ஒரு பருவத்தில் அதிக கோல் என்ற அந்த ரெக்கார்டை, விதி தளர்ந்த பிறகு வந்த யாராலும் தொட முடியவில்லை. அதனால் விதி மாற்றத்தை மட்டும் வைத்து ரீடெலின் கணக்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. மேலும், அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டங்கள் 1924-ல் நடந்தவை, பழைய விதியின்படி.

எதிரணிகளின் தரம் என்பது இதைவிட வலுவான வாதம். அன்றைய ஸ்வீடன் அணிக்கு டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து ஆகியவை வாடிக்கையான எதிரணிகள், அப்புறம் பால்டிக் கரை நாடுகள், போலந்து, ஜெர்மனி போன்றவை. கப்பலிலும் ரயிலிலும் போய்வரக்கூடிய தூரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் ஆட முடியும். இதில் லாட்வியா போன்ற அணிகள் அப்போதுதான் சர்வதேசக் கால்பந்துக்கு வந்தவை. 1927 மே மாதம் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் லாட்வியாவை 12-0 என்று ஜெயித்தது, 1948 ஒலிம்பிக்கில் தென் கொரியாவை அதே 12-0 கணக்கில் ஜெயித்ததோடு சேர்த்து இன்றுவரை ஸ்வீடனின் மிகப் பெரிய வெற்றி அதுதான். இப்படிப்பட்ட ஆட்டங்கள் முன்கள வீரரின் எண்ணிக்கையை ஏற்றும், மறுக்கவே முடியாது. ஆனால் பக்கத்து நாடுகள் சும்மா இருக்கவில்லை. 1924 முதல் 1928 வரை நடந்த முதல் நார்டிக் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தது டென்மார்க். அடுத்து 1929 முதல் 1932 வரை நடந்ததை ஜெயித்தது நார்வே. ரீடெலின் காலம் முழுக்க ஸ்வீடனால் தன் பக்கத்து வீட்டுக்காரர்களையே தாண்ட முடியவில்லை. சுலபமாக எல்லோரையும் நொறுக்கித் தள்ளிய அணியின் முன்கள வீரர் என்று அவரைக் கற்பனை செய்தால் தப்பு. தோற்கிற, தட்டுத் தடுமாறி டிரா செய்கிற அணியில் இருந்துகொண்டும் ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கு மேல் அடித்தவர்.

இங்கே டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டென்மார்க்கில் போல் நீல்சன் 1910 முதல் 1925 வரை 38 ஆட்டங்களில் 52 கோல் அடித்தார். யோன் டால் தோமாசன் அந்த 52-ஐ எட்டுவதற்குள் இந்த நூற்றாண்டு பிறந்துவிட்டது, அவருக்குத் தேவைப்பட்டது 112 ஆட்டங்கள். நார்வேயில் யோர்கன் யூவே 45 ஆட்டங்களில் 33 கோல், 1928 முதல் 1937 வரை. அதை எர்லிங் ஹாலன்ட் தாண்டியது 2024 அக்டோபரில்தான். மூன்று நாடுகளிலும் ஒரே கதை: இரண்டு உலகப் போர்களுக்கு முன்னும் நடுவிலும் வைத்த கணக்கை எட்டவோ உடைக்கவோ இந்த நூற்றாண்டின் நட்சத்திரங்கள் வர வேண்டியிருந்தது. ஆக, காலத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது நிச்சயம், மூன்று நாட்டிலும் தற்செயலாக மூன்று மகான்கள் பிறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில், அதே விதியில், அதே எதிரணிகளோடு ஆடிய நூற்றுக்கணக்கான பேரில் இந்த மூவர் மட்டும் ஏன் இவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறார்கள் என்பதற்குக் காலம் பதில் சொல்லாது. ஒரே சந்தையில் ஒரே நாளில் கடை போட்டவர்களில் ஒருவர் மட்டும் பத்து மடங்கு விற்றால், சந்தையில் கூட்டம் அதிகம் என்று சொல்லி முடித்துவிட முடியுமா?

இன்னும் ஒரு விஷயம், இது எண்களை ஒப்பிடும்போது பலர் விட்டுவிடுவது. அன்று ஆட்டத்தில் இறங்கிய பதினொரு பேரே பெரும்பாலும் கடைசி வரை ஆட வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இறங்கி ஒரு ஆட்டம் என்று கணக்கில் ஏறுவது இல்லை. ஸ்லாட்டனின் 122 ஆட்டங்களில் மாற்று வீரராக இறங்கியவையும் பாதியில் வெளியே வந்தவையும் உண்டு. அதனால் ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்ற விகிதத்தில் ரீடெலுக்கு 1.14, ஸ்லாட்டனுக்கு 0.51 என்று வருவதை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஸ்லாட்டனுக்கு நியாயமில்லை.

இப்போது 1924-க்கு வருகிறேன். ரீடெலின் தரத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் 49-ஐப் பற்றிப் பேசுவதில்லை, பாரிஸைப் பற்றித்தான் பேசுவேன். உலகக் கோப்பை தொடங்காத காலம், ஒலிம்பிக் கால்பந்துதான் உலகப் போட்டி. 22 நாடுகள் வந்திருந்தன. பிரிட்டன் வரவில்லை, ஜெர்மனியை அழைக்கவில்லை, ஆனால் முதல்முறையாக தென் அமெரிக்காவிலிருந்து உருகுவே வந்திருந்தது. ஸ்வீடனின் பயிற்சியாளர் யோசெஃப் நாஜ், ஹங்கேரிக்காரர். ஸ்வீடனின் முதல் ஆட்டம் பெல்ஜியத்தோடு, அதுவும் எப்படிப்பட்ட பெல்ஜியம், 1920 ஆண்ட்வெர்ப்பில் தங்கம் வாங்கிய அணி. ஸ்கோர் 8-1. எட்டாவது நிமிடத்தில் ரூடால்ஃப் கொக் தொடங்கி வைத்தார், இருபதாவது நிமிடத்தில் ரீடெல். கடைசியில் கொக் மூன்று, ரீடெல் மூன்று, சார்லஸ் ப்ரூமெசனும் தூரே கெல்லரும் ஆளுக்கொன்று. நடப்புச் சாம்பியனுக்கு எதிராக, ஒலிம்பிக்கில், பத்தொன்பது வயதுப் பையன் ஹாட்ரிக் அடிக்கிறான். அடுத்த ஆட்டம் எகிப்தோடு. எகிப்து என்றதும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், முந்தைய சுற்றில் ஹங்கேரியை 3-0 என்று வெளியே அனுப்பியவர்கள் அவர்கள். ஸ்வீடன் 5-0, அதில் ரீடெலுக்கு ஒன்று. அரையிறுதியில் ஸ்விட்சர்லாந்து. அன்றைக்கு ரீடெல் கோல் அடிக்கவில்லை, ஸ்விட்சர்லாந்தின் மாக்ஸ் அபெக்லன் இரண்டு அடித்தார், ஸ்வீடன் 1-2 என்று தோற்றது. ஸ்விட்சர்லாந்தில் ஸாமாக்ஸ் என்று ஒரு கிளப் இருக்கிறதே, அந்தப் பெயர் இந்த அபெக்லனின் செல்லப்பெயரிலிருந்து வந்ததுதான்.

அடுத்தது வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே நெதர்லாந்து. இந்த ஆட்டத்தின் கனம் புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய பதினாறு வருடக் கதை தெரிய வேண்டும். 1908 லண்டனில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்வீடன் நெதர்லாந்திடம் 0-2 தோற்றது. 1912-ல் ஒலிம்பிக் ஸ்டாக்ஹோமில், சொந்த ஊர், சொந்த ரசிகர்கள், முதல் ஆட்டமே நெதர்லாந்தோடு, கூடுதல் நேரம் வரை போய் 3-4 என்று தோல்வி. 1916-ல் போரால் ஒலிம்பிக் இல்லை. 1920 ஆண்ட்வெர்ப்பில் கோதன்பர்க்கின் இன்னொரு பிள்ளை ஹெர்பெர்ட் கார்ல்சன் கிரீஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்து 9-0 என்று தொடங்கி வைத்தார், அடுத்த சுற்றில் வந்து நின்றது யார், நெதர்லாந்து, மறுபடி கூடுதல் நேரம், மறுபடி ஒரே ஒரு கோல் வித்தியாசம், 4-5. மூன்று ஒலிம்பிக்கில் மூன்று முறை ஒரே நாட்டிடம் தோற்றிருக்கிறார்கள். இப்போது நான்காவது ஒலிம்பிக், பாரிஸ், ஜூன் 8, 1-1 டிரா. அன்று பெனால்டி ஷூட் அவுட் கிடையாது, மறுநாளே திரும்ப ஆட வேண்டும். ஜூன் 9 அன்று உருகுவேயும் ஸ்விட்சர்லாந்தும் தங்கத்துக்காக ஆடிய அதே நாளில் இந்த மறு ஆட்டமும் நடந்தது. 34-வது நிமிடத்தில் ரீடெல் ஒன்று. 42-ல் எவெர்ட் லுண்ட்க்விஸ்ட் இன்னொன்று. அடுத்த நிமிடமே நெதர்லாந்து ஒன்றைத் திருப்பியது. அப்புறம் இரண்டாம் பாதி முழுக்க 2-1 என்று ஊசலாடி, 77-வது நிமிடத்தில் மறுபடி ரீடெல். 3-1. கால்பந்தில் ஸ்வீடன் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அந்தத் தொடரில் ரீடெலின் மொத்தக் கணக்கு ஆறு கோல், உருகுவேயின் பெட்ரோனே ஏழு அடித்து முதலிடம், அவருக்கு அடுத்த இடத்தில் ரீடெலும் அபெக்லனும். இந்த ஆறு கோலுக்கும் எதிரணி சுமார்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரிய போட்டிகளில் ஏன் இவர் பெயர் வேறு எங்கும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இதற்கான பதில்தான் எனக்கு வருத்தம் தருவது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் கால்பந்து அணி கலந்துகொள்ளவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. 1930-ல் முதல் உலகக் கோப்பை. அதை நடத்த விரும்பி விண்ணப்பித்த நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று, ஆனால் பின்வாங்கியது, உருகுவேக்கு வாய்ப்புப் போனது, கப்பல் ஏறி அங்கே போன ஐரோப்பிய நாடுகள் பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா, இந்த நான்கு மட்டும்தான். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கால்பந்தே சேர்க்கப்படவில்லை. 1934 இத்தாலி உலகக் கோப்பைக்கு ஸ்வீடன் முதல்முறையாகப் போய் அர்ஜென்டினாவை 3-2 என்று ஜெயித்தபோது ரீடெலின் சர்வதேச வாழ்க்கை முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆக, ஒரு வீரரின் நல்ல வயது என்று நாம் சொல்கிற அந்த எட்டு வருடங்களில் அவருக்கு முன்னால் ஒரு உலகப் போட்டிகூட வரவில்லை. பாரிஸில் அவரோடு ஆடிய தூரே கெல்லரைப் பாருங்கள். இருவரும் பிறந்தது ஒரே வருடம், ஒரே மாதம். கெல்லர் 1938 பிரான்ஸ் உலகக் கோப்பைவரை தாக்குப் பிடித்து ஆடினார், ஸ்வீடன் நான்காவது இடம் வந்த அந்தத் தொடரில் கியூபாவுக்கு எதிராக முப்பத்து மூன்று வயதில் கோல் அடித்தார். ரீடெலுக்கு அது அமையவில்லை.

கிளப் கால்பந்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது, இது பலருக்குத் தெரியாது. ஓர்கிரீட்டே சாதாரண கிளப் அல்ல. 1887-ல் தொடங்கியது, ஸ்வீடன் மண்ணில் நடந்த முதல் கால்பந்து ஆட்டம் என்று சொல்லப்படும் 1892 மே 22 ஆட்டத்தில் ஆடி ஜெயித்த அணி, நாட்டின் ஆரம்பகாலச் சாம்பியன் பட்டங்களை வாரிக் குவித்தது. ரீடெல் இருந்த காலத்தில் ஆல்ஸ்வென்ஸ்கான் லீகை இரண்டு முறை ஜெயித்தது, 1925-26 பருவத்திலும் 1927-28 பருவத்திலும். ஆனால் ஸ்வீடன் சாம்பியன் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்த இரண்டு வருடமும் காலியாக இருக்கும். காரணம், பழைய நாக்-அவுட் முறையில் பட்டம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், லீகில் முதலிடம் வந்தவரை அதிகாரபூர்வமாக நாட்டின் சாம்பியன் என்று அறிவிக்கும் முறை 1930-31 பருவத்தில்தான் வந்தது. நடுவில் இருந்த வருடங்களுக்கு லீக் வெற்றியாளர் உண்டு, நாட்டின் சாம்பியன் கிடையாது. ரீடெலின் சிறந்த கிளப் பருவங்கள் சரியாக அந்த இடைவெளியில் விழுந்தன. யாராவது உங்களிடம் "ரீடெல் எத்தனை தடவை ஸ்வீடன் சாம்பியன்" என்று கேட்டு மடக்கப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் அவர் வாழ்ந்த காலத்தில் அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் என்ற ஸ்டாக்ஹோம் நாளிதழ் 1925 முதல் ஒவ்வொரு வருடமும் ஒரு ஸ்வீடன் விளையாட்டு வீரருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கிறது, அந்த நாட்டில் அதற்கு மிகுந்த மதிப்பு. ஓட்டக்காரர், நீச்சல்காரர், பனிச்சறுக்கு வீரர், மல்யுத்த வீரர் என்று வாங்கிய பிறகு 1931-ல் அது முதன்முதலாக ஒரு கால்பந்து வீரருக்குப் போனது, அவர்தான் ரீடெல். அணியாக ஆடும் விளையாட்டில் ஒருவரை மட்டும் தனியே தூக்கிப் பிடிப்பது அன்றைக்கு அவ்வளவு சாதாரணம் இல்லை, அதையும் மீறிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் இன்று பேசுவதில்லை? பணம் ஒரு காரணம், நேரடியாகவே. ஸ்வீடன் கால்பந்து 1967 வரை அமெச்சூர் விதியில் இயங்கியது. ஆடுவதற்குக் கூலி வாங்கக் கூடாது, வாங்கினால் தடை. ரீடெல் இத்தாலிக்கோ இங்கிலாந்துக்கோ போய்ப் பெரிய கிளப்பில் ஆடவில்லை, அதனால் ஸ்வீடனுக்கு வெளியே அவரைப் பார்த்தவர்கள் குறைவு, எழுதியவர்கள் அதைவிடக் குறைவு. இதே அமெச்சூர் விதிதான் வேறொரு விதத்தில் அவருடைய சாதனையைக் காப்பாற்றவும் செய்தது, இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குன்னார் நூர்டால் என்ற முன்கள வீரர் 1940-களில் 33 ஆட்டங்களில் 43 கோல் அடித்திருந்தார், ஆட்டத்துக்கு 1.3, ரீடெலை விட அதிகம். 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கையோடு 1949 ஜனவரியில் மிலான் கிளப்பில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். காசு வாங்கி ஆடுபவருக்கு அன்றைய ஸ்வீடன் அணியில் இடமில்லை. அதோடு அவருடைய சர்வதேசக் கணக்கு 43-லேயே நின்றுவிட்டது, 49-க்கு ஆறு குறைவு. இத்தாலியில் அவர் ஐந்து முறை லீகின் அதிக கோல் அடித்தவராக வந்ததைப் பார்த்தால், ஸ்வீடன் அவரைத் தொடர்ந்து ஆட விட்டிருந்தால் 1950 வாக்கிலேயே ரீடெலின் ரெக்கார்டு போயிருக்கும் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அப்படி நடந்திருந்தால் ஸ்லாட்டன் துரத்தியது வேறு எண்ணாக இருந்திருக்கும், நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஆக, எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரித்துவிடுகிறேன். தன் காலத்து ஸ்வீடன் வீரர்களில் அவரை மிஞ்சிய கோல்காரர் தேசிய அணியில் இல்லை என்பது உறுதி. பத்தொன்பது வயதில் உலகின் நல்ல அணிகளுக்கு எதிராக அவர் அடித்தார் என்பதும் உறுதி. அவர் எப்படி ஆடினார், எந்தக் காலால் அதிகம் அடித்தார், எவ்வளவு வேகம் என்றெல்லாம் பிற்காலத்தில் எழுதப்படுவதை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் முழு ஆட்டத்தின் படச்சுருள் இல்லாத காலத்து வீரரைப் பற்றிய வர்ணனைகள் ஒருவர் எழுதியதை இன்னொருவர் மெருகேற்றி வளர்ந்தவை. ஸ்லாட்டனை விடப் பெரியவரா என்று கேட்டால், 62 கோல்கள், இருபது வருடம், உலகின் கடினமான லீக்குகளில் தொழிலாகவே ஆடியவர் ஸ்லாட்டன், என் ஓட்டு அவருக்குத்தான். நூர்டாலையும் நான் ரீடெலுக்கு மேலே வைப்பேன். அடுத்த பெயர் ரீடெல், அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மேலும் படிக்க நினைத்தால் ஒரு விஷயம் கவனத்தில் இருக்கட்டும். அந்தக் காலத்து ஸ்வீடன் பத்திரிகைகள் வீரர்களைப் பட்டப்பெயரில்தான் குறிப்பிடும். ரீடெலுக்கு "ட்ரோல்குபென்", கொக்குக்கு "புத்தே", கார்ல்சனுக்கு "முர்ரன்", யோஹான்சனுக்கு "ஸ்வார்ட்டே ஃபிலிப்". சொந்தப் பெயரை மட்டும் தேடினால் பாதி ஆட்ட விவரங்கள் கண்ணிலேயே படாது. முதலில் 1924 பாரிஸ் ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள், அவற்றின் விவரங்கள் பல நாடுகளிலும் பதிவாகியிருப்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடுவது சுலபம். அதன் பிறகு டென்மார்க், நார்வே ஆட்டங்களுக்குப் போங்கள், அங்கே அந்தந்த நாட்டுச் சங்கத்தின் பட்டியலையும் கூடவே திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.